கம்பத்து உச்சிக் கமரா: வாங்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

இராகலையில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் மச்சான் போன வாரம் கேட்டார். போனிலேயே திருப்பக்கூடிய கமரா விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று. அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கி, கையெல்லாம் நூலாம்படையோடு நின்றேன். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

கந்தப்பளையில் எங்கள் லீக்ஸ், கரட் பாத்திகள் படிப்படியாக இறங்கும் சரிவில் இருக்கின்றன. தாழ்வாக மாட்டினால் முதல் படிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதனால் இருபது அடி இரும்புக் கம்பத்தின் உச்சியில் மாட்டினோம். வீட்டு வைஃபை, வீட்டுக் கரண்ட்.

திருப்பும் வேலையில் குறை சொல்ல மாட்டேன். வெளியூரில் இருந்து பார்த்தால் அம்புக்குறியை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் படம் நகரும். நம் கட்டளை இணையத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமே. நகரவில்லை என்று அழுத்திக்கொண்டே இருந்தால் பன்றி நிற்கும் பாத்தியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கூரைக்குப் போய்விடும். ஒரு தட்டு, பொறுமை, மறு தட்டு. கேற், தண்ணீர்த் தொட்டி, கீழ்ப் பாத்தி என்று இடங்களைச் சேமித்து வைத்தால் அந்தத் தலைவலியும் இல்லை. கரண்ட் போய் வந்ததும் தானாக ஒரு முறை ஓரம் வரை சுற்றி, தன் திசையைச் சரிபார்த்துக்கொள்ளும். தென்மேல் பருவமழை முழுவதும் நனைந்தும் மோட்டார் மக்கர் பண்ணவில்லை. காட்டுப்பன்றி வந்தால் படுத்த இடத்திலிருந்தே ஸ்பீக்கரில் ஒரு அதட்டல் போடலாம். அந்தச் சுகத்துக்கு ஈடில்லை.

சரி, சிலந்திக்கு வருவோம்.

இருட்டில் படம் பிடிக்க, கமராவின் முகத்திலேயே அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன; அந்த ஒளி கமராவுக்குத் தெரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸின் குறுக்கே ஒரே ஒரு நூல் போதும். பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் விளக்கு பக்கத்திலேயே எரிவதால் அந்த நூல் வெள்ளை வடக்கயிறாகப் படம் முழுக்கத் தொங்கும். காற்றில் அது ஆடினால் யாரோ நடமாடுகிறார்கள் என்று போனுக்கு அறிவிப்பு. விடியும்வரை அதே கதை. உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் கமராவைத் திருப்பலாம், கண்ணைத் துடைக்க மட்டும் ஏணி வேண்டும். ஈரக் கம்பத்தில் சாய்த்த ஏணியை வீட்டுக்காரி பிடித்துக்கொண்டே திட்டுவது தனி.

மூடுபனியிலும் இதே கூத்துதான். விளக்கு பனியில் பட்டுத் திரும்ப லென்ஸுக்கே வந்துவிடும். திரை வெறும் பால் வெள்ளை. நுவரெலியாப் பக்கத்தில் இதைச் சகித்துக்கொள் என்றால் வருஷத்தில் பாதி இரவுகளை எழுதித் தள்ள வேண்டியதுதான்.

பழுது பார்க்க வந்த தம்பிதான் வழி சொன்னார். கமராவின் சொந்த விளக்கை ஆப்பில் அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைச் சில அடி தள்ளி, தாழ்வாக மாட்டினார். சிலந்தி இப்போதும் லென்ஸில் வலை கட்டுகிறதுதான், ஆனால் அதன்மேல் வெளிச்சம் நேராகப் படாததால் வடக்கயிறாகத் தெரிவதில்லை. லேசான பனியிலும் கீழ்ப் பாத்தி வரை தெரிகிறது. அடர்ந்த பனியில் எதுவும் உதவாது, அது வேறு விஷயம். என் கோபமெல்லாம், இவ்வளவு எளிய ஒன்றை விற்ற கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான்.

ஆகவே மச்சான், இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: ஏணி ஏற முடியாத இந்த மழைக்கும் பனிக்கும் இடையில் வாங்க வேண்டாம். தை மாதம் கேட்டால் ஒருவேளை வேறு மாதிரிச் சொல்வேன். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், எத்தனை மெகாபிக்சல் என்று கடையில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அகச்சிவப்பு விளக்கை மட்டும் தனியாக அணைக்க முடியுமா, அணைத்த பிறகும் இரவுப் படம் கறுப்பு வெள்ளையில் நிற்குமா (கலருக்கு மாறிவிட்டால் தள்ளி மாட்டிய விளக்கின் ஒளி கமராவுக்குத் தெரியாது) என்று அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஏணி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.