கடைவாய்ப் பல்லுக்கு எந்த அடைப்பு? வெள்ளியும் காம்போசிட்டும்

கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப் பல்லில் 1999-இல் எனக்கு வைத்த வெள்ளி அடைப்பு இன்றும் அசையாமல் இருக்கிறது. இடப்புறப் பல்லில் 2015-இல் வைத்த பல்நிறக் காம்போசிட் என்னும் பிசின் அடைப்போ, ஐந்தே ஆண்டுகளில் அடியில் மறுபடி சொத்தை பிடித்து எடுக்கப்பட்டது. இதைக் கண்ட பிறகும் அதே பல்லுக்குக் காம்போசிட்டையே மீண்டும் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியவை கலந்த தூள். விலை குறைவு, நிறம் கறுப்பு; கடைவாயில் நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அதன் உண்மையான வலிமை, வைக்கும்போது சிறிது எச்சில் பட்டாலும் பொறுத்துக்கொள்வதில் இருக்கிறது. மேலும், நாளடைவில் உலோகம் சற்றே அரிப்பதால் உண்டாகும் பொருள்கள், பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியைத் தாமே நிரப்பிவிடுகின்றன.

லிஸ்பனில் 8 முதல் 12 வயதுச் சிறாரிடம் தொடங்கிய ஆய்வில், ஏழாண்டு முடிவில் அமால்கம் அடைப்புகளில் 94.4 சதவீதமும் காம்போசிட்டில் 85.5 சதவீதமும் நிலைத்திருந்தன. சிறுவர் வாயின் கணக்கைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. நெதர்லாந்தில் ஒரு பல் மருத்துவமனையின் 12 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, சொத்தை வரும் வாய்ப்பு குறைந்தவர்களிடம் பெரிய காம்போசிட் அடைப்புகளே கூடுதலாக நீடித்தன. அவ்வாய்ப்பு மிகுந்தவர்களிடம், மூன்று பக்கங்களைத் தழுவிய அடைப்புகளில் அமால்கம் முந்தியது. ஆகவே பொருளை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது ஈரம். காம்போசிட் பல்லில் ஒட்டுவதற்கு முதலில் பாஸ்பாரிக் அமிலத்தால் பல்லின் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கி, அதன்மேல் ஒட்டுப்பசை தடவி, பிறகு பிசினை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்க வேண்டும். இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்கும்; அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது ஒட்டுப்பசை. பசை தடவும் தருணத்தில் எச்சிலோ ஈறு இரத்தமோ பட்டுவிட்டால் பிடிப்பு தளர்ந்து, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிளவு விழுகிறது. இரண்டு பற்களுக்கு நடுவே, ஈறை ஒட்டிய அடிவிளிம்பில் இந்த ஆபத்து மிகுதி. அங்கே எனாமல் மெல்லியது, பல் துலக்கும் தூரிகையும் எட்டாது. என் பல்லில் சொத்தை மறுபடி தொடங்கியதும் அங்கேதான். 2015-இல் வெறும் பஞ்சு உருளைகளை வைத்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருந்தார்கள்.

இரண்டாம் முறை, ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்து, வாயின் ஈரம் முழுவதையும் தடுத்து வைத்தே அடைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாயைத் திறந்தபடி கிடப்பது எளிதன்று, கட்டணமும் கூடுதல். ஆனாலும் காம்போசிட்டுக்கு ஒப்புக்கொள்ளும் எவரும் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி, "டாக்டர், ரப்பர் டேம் போடுவீர்களா?" என்பதே. பிசினின் பிராண்டு எனக்கு அடுத்த கவலைதான்.

அமால்கம் பல்லோடு ஒட்டாது என்பதால், அது கழன்று விழாதிருக்க உட்புறம் அகலமாகக் குடைந்து நல்ல பல்லையும் இழக்க நேரிடும். மெலிந்த சுவர்கள் பின்னாளில் விரிசல் விடக்கூடும். காம்போசிட்டில் சொத்தையை மட்டும் அகற்றினால் போதும். ஓரம் உடைந்தால் முழுவதையும் பெயர்க்காமல் உடைந்த இடத்தை மட்டும் ஒட்டிச் சரிசெய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, மருத்துவத் தேவை கட்டாயமானால் ஒழிய, அமால்கத்தை நிறுத்திவிட்டது.

ஃபுளோரைடு வெளியிடும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் என்ற மற்றோர் அடைப்பும் நல்ல பொருளே. ஆனால் மெல்லும் அழுத்தம் முழுவதும் விழும் பெரிய குழிக்கு அது விரைவில் தேய்ந்துவிடும்.

குழியின் விளிம்பு ஈறுக்கு வெகு கீழே இறங்கி, ரப்பர் டேம் நிற்கவே இடமில்லாத பல்லாக இருந்திருந்தால் நான் அமால்கத்தையே கேட்டிருப்பேன். வலப்புறத்துப் பழைய அடைப்பையும் மாற்றவில்லை. நன்றாக இருப்பதைப் பெயர்த்தால் பாதரச ஆவியும் வெளிவரும், பல்லும் சிறிது குறையும். புதிய காம்போசிட்டுக்கு இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எக்ஸ்ரேயில் விளிம்பு சுத்தமாகத் தெரிகிறது. முந்தையது ஐந்தாம் ஆண்டில்தான் தோற்றது என்பதால், அடுத்த ஆண்டு எக்ஸ்ரேயைப் பார்க்கும் வரை நான் வெற்றி என்று சொல்லமாட்டேன்.