அத்தையின் வயலின் நாடாக்கள்: ஒரு சீரமைப்பு, வெளியீட்டுச் சேவையின் மதிப்புரை

வீட்டில் பதிவான பழைய இசையைச் சீரமைத்து, முறையாக வெளியிட்டும் தருவதாகச் சொல்லும் சேவைகள் இன்று பல இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, இரைச்சலை எவ்வளவு நீக்கினோம் என்பதையே தங்கள் திறமைக்குச் சான்றாகக் காட்டுகின்றன. வயலின் கலைஞராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்த என் அத்தையின் பதிவுகளை நாங்கள் ஒப்படைத்த சிறிய ஒலிக்கூடத்தில், எதை நீக்கலாம் என்று யோசித்த நேரத்தைவிட எதைத் தொடக்கூடாது என்று யோசித்த நேரமே அதிகம். அவர்களுடைய வேலையில் எனக்குக் குறைகளும் உண்டு; அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இந்த நிதானம் அரிதாகிவிட்டதால், அவர்கள் வேலை செய்யும் முறையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

அத்தையிடம் இருந்தவை திறந்த சுருளில் சுற்றிய ஸ்பூல் நாடாக்களும் பிற்காலத்துக் கேசட்டுகளும். எதையும் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவருமாறு ஒலிக்கூடத்தார் முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு ஸ்பூலையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். சுற்றின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நாடா. ஊடுருவாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். இந்த எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டால் ஒரு நாடாவையே இழக்க நேரலாம். 1970, 80-களில் தயாரான சில பாலியெஸ்டர் நாடாக்களில், காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து, பிசுபிசுக்கத் தொடங்கும். அந்த நிலையில் ஓட்டினால் நாடா கீச்சிடும். பதிவைப் படிக்கும் உறுப்பான ஹெட்டில் பழுப்பு நிறத் தூளாகப் படியும். அந்தத் தூளோடு பதிவும் உரிந்து போகும். ஏறக்குறைய 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையிலான சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஆறவிட்டால், சில வாரங்களுக்கு மட்டும் ஓட்டக்கூடிய நிலைக்கு அது திரும்பும். அசிடேட் நாடாவுக்கு இதே சூட்டைக் கொடுத்தால் அது பாழாகிவிடும். எங்களிடம் இரண்டு வகையும் கலந்தே இருந்தன. ஒரு ஸ்பூலில் வினிகர் வாடை அடித்தது. அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். அதைத் தனியே எடுத்துவைத்து, எல்லாவற்றுக்கும் முன்பாக அதைத்தான் கணினிக்கு மாற்றினார்கள்.

கேசட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்துவிட்டவற்றைப் புதிய கூடுகளுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமுத் எனப்படும் ஹெட்டின் சாய்வைத் தனித்தனியே திருத்தினார்கள். வீட்டுக் கருவிகளில் ஹெட் சற்றுச் சாய்ந்திருப்பது சாதாரணம். பதிவான அதே சாய்வில் ஓட்டாவிட்டால் உச்ச அதிர்வெண்கள் மங்கிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றை முழுமையாக மீட்க முடியாது. எல்லாமே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற ஒலி நுணுக்க அளவில் வேவ் கோப்புகளாக எடுக்கப்பட்டன. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸும் 24 பிட்டும் வேண்டும் என்கிறது. ஆகவே காப்பகத் தரம் என்று விளம்பரத்தில் அவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

அவர்களுடைய திறமையை நான் முழுமையாக உணர்ந்தது சுருதியைத் திருத்திய விதத்தில்தான். ஒரு ஸ்பூலில் வயலின் வழக்கத்தைவிட உயர்ந்த சுருதியில் ஒலித்தது. அத்தை அன்று கம்பிகளை அப்படித்தான் கூட்டியிருந்தாரா, அல்லது பதிவு செய்த கருவி மெதுவாக ஓடியதால் சரியான வேகத்தில் ஓட்டும்போது எல்லாம் ஏறிக் கேட்கிறதா என்பதை வயலினை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒலிக்கூடத்தின் பொறியாளர் வயலினை விட்டுவிட்டு, அடியில் கேட்ட மின்சார ரீங்காரத்தை அளந்தார். எங்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். திரையில் அந்த ரீங்காரம் 51.5 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதாவது பதிவு 3 சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இசையில் அது ஓர் அரைச்சுரத்தின் பாதி அளவு. அந்தக் கோடு நேராகவும் இல்லை; ஸ்பூலின் முடிவை நோக்கிச் சிறிது சிறிதாகச் சரிந்தது. அந்தச் சரிவையே அளவுகோலாகக் கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை வேகத்தைத் திருத்தினார்கள். திருத்திய பதிவைக் கேட்ட அத்தையின் மாணவி ஒருவர், "இதுதான் டீச்சரோட வேகம்" என்றார்.

இங்கே வேலையின் வரிசை முக்கியம். ரீங்காரத்தை முதலிலேயே நீக்கியிருந்தால் இந்தச் சான்று காணாமல் போயிருக்கும். இரைச்சல் நீக்கத்தை முதல் படியாகச் செய்துவிடும் சேவைகள், நாடாவின் உண்மையான வேகத்தைக் கண்டறியும் வழியைத் தாங்களே அடைத்துவிடுகின்றன.

இரைச்சல் நீக்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஒரு கேசட்டை மட்டும் கொடுத்துச் சீரமைத்து வாங்கியிருந்தோம். நாடாவின் சீறல் அதில் துளியும் இல்லை. ஆனால் வயலின் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. காரணம் எளிது. இரைச்சல் மட்டும் உள்ள ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துக்கொண்டு, அதே தன்மையுள்ள ஒலியை எல்லா இடத்திலும் குறைப்பதே இவ்வகை மென்பொருள்களின் அடிப்படை. வில் கம்பியில் உரசும்போது எழும் கரகரப்பும் நாடாவின் சீறலைப் போலவே எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருக்கும் ஒலி. இரண்டையும் பிரித்தறியத் தவறும் மென்பொருள், சீறலோடு வில்லையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

இந்த ஒலிக்கூடத்தார் ஒரே பகுதியை மூன்று அளவுகளில் சீரமைத்து, மூன்றையும் ஒரே உரப்பில் வைத்து அனுப்பினார்கள். உரப்பைச் சமன் செய்யாவிட்டால் சத்தமாக ஒலிப்பதே நல்லதென்று காது நம்பிவிடும் என்பதை அறிந்தவர்கள் செய்யும் வேலை அது. அதைவிடப் பயனுள்ளதாக, ஒவ்வொன்றிலும் நீக்கப்பட்ட ஒலியை மட்டும் தனிக் கோப்பாக இணைத்திருந்தார்கள். அதிகமாக நீக்கிய வடிவத்தின் கழிவைக் கேட்டபோது, சீறலுக்கு நடுவே அத்தையின் வில் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டது. மிதமாக நீக்கியதில் சீறல் மட்டுமே இருந்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அதன்பின் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சீரமைப்புச் சேவை எதுவானாலும், நீக்கிய ஒலியைத் தனியே கேட்கக் கொடுங்கள் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வயலினை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தோம். ஜான் லெனன் வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்த குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்து 2023-இல் பீட்டில்ஸ் பாடலாக வெளியிட்டதைப் படித்ததால் எழுந்த ஆசை அது. அங்கே புதிய இசைக்கருவிகளைச் சேர்த்து ஒரு முழுப் பாடலை உருவாக்க வேண்டியிருந்தது. இங்கே வாசிப்பும் அது ஒலித்த அறையும்தான் பதிவே என்று அவர்கள் விளக்கி, அந்தக் கூடுதல் வேலைக்கான கட்டணத்தைத் தாங்களாகவே மறுத்தார்கள். அறையின் எதிரொலியைப் பிரித்தெடுத்த மாதிரி ஒன்றைக் கேட்டதும் அவர்கள் சொன்னதன் நியாயம் புரிந்தது.

இடையில் ஒலித்த தொலைபேசி மணியை நீக்கினார்கள். நாற்காலியின் கிறீச்சொலியை விட்டுவைத்தார்கள். உருப்படிகளுக்கு நடுவே அத்தை கம்பியைத் திருத்துவதும், மாணவியிடம் "இன்னொரு தடவை" என்று சொல்வதும் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தனித் தடங்களாகப் பிரித்துக் கொடுத்ததால், இசையை மட்டும் கேட்க விரும்புவோர் தாண்டிச் செல்லலாம்.

வெளியீட்டுப் பகுதியில்தான் என் குறைகள் தொடங்குகின்றன. வெளியீட்டுக்காக ஒலியை இறுதியாகச் சரிசெய்யும் மாஸ்டரிங் வேலை முடிந்து வந்த முதல் வடிவம் தேவைக்கு மேல் உரத்து ஒலித்தது. இணைய ஒலிபரப்புத் தளங்கள் உரப்பைத் தாங்களே சமன் செய்கின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு, உரப்பை அளக்கும் அலகான எல்யூஎஃப்எஸ்-இல் மைனஸ் 14. அதற்கு மேல் அழுத்தி ஏற்றுவதால் கேட்பவருக்குச் சத்தம் கூடுவதில்லை. மெல்லிய வாசிப்புக்கும் வலிய வாசிப்புக்கும் உள்ள இடைவெளிதான் சுருங்குகிறது. நாடாவை மாற்றும் கட்டத்தில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள் இதில் ஏன் சறுக்கினார்கள் என்று தெரியவில்லை. கேட்டபின் மாற்றித் தந்தார்கள், அதுவும் மறுப்பின்றி.

ஒப்பந்தம் இதைவிடப் பெரிய சிக்கல். சீரமைத்த வடிவத்தின் வெளியீட்டு உரிமை ஒலிக்கூடத்துக்கே உரியது என்ற வரி அதில் இருந்தது. ஒரு பதிவில் இயற்றியவரின் உரிமை வேறு, வாசித்தவரின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. சுத்தம் செய்து கொடுத்தவர் அந்த வரிசையில் தாமாக வந்து நிற்பதை எங்களால் ஏற்க முடியவில்லை. கட்டணம் வாங்கிச் செய்த வேலைக்கு உரிமையும் கேட்பது முறையில்லை என்று எழுதியதும் அந்த வரியை நீக்கினார்கள். படிக்காமல் கையெழுத்திடுபவர்களின் நிலை என்ன என்பதே என் கவலை. உடன் வாசித்தவர்களின் ஒப்புதலைப் பெறுவதும் முழுக்க எங்கள் பொறுப்பாகவே இருந்தது. அதற்கு ஒரு மாதிரிக் கடிதத்தையாவது அவர்கள் கொடுத்திருக்கலாம். குறுந்தகட்டோடு வந்த சிறு கையேட்டில் எந்தப் பதிவு ஸ்பூலிலிருந்து வந்தது, எது கேசட்டிலிருந்து வந்தது, எதில் வேகம் திருத்தப்பட்டது என்ற விவரம் ஒன்றுமே இல்லை. இவ்வளவு நேர்மையாகச் செய்த வேலையின் தடயம் கேட்பவருக்குத் தெரியாமல் போவது வருத்தமளிக்கிறது.

நேரமும் அதிகமாகிறது; அவசரத்துக்கு உரிய சேவை அன்று இது. ஆயினும் திருத்தம் ஏதுமில்லாத மூலக் கோப்புகள், சீரமைத்த கோப்புகள், வெளியீட்டு வடிவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே தந்ததால், வருங்காலத்தில் மேலான கருவி வந்தால் மூலத்திலிருந்தே மீண்டும் தொடங்க முடியும். ஸ்பூல்களையும் முடிவுப் பகுதி வெளியே இருக்கும்படி மெதுவாகச் சுற்றித் திருப்பித் தந்தார்கள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே காந்தப் பதிவு கசிந்து எழும் மங்கலான எதிரொலி, அப்படிச் சுற்றி வைத்தால் பெரும்பாலும் இசைக்குப் பின்னால் வந்து அதிலேயே மறைந்துவிடும். முன்னால் வந்து காதை உறுத்தாது. மீதமுள்ள கேசட்டுகளையும் இவர்களிடமே கொடுக்கப் போகிறோம், ஒப்பந்தத்தின் முதல் நகலை நாங்களே எழுதிக்கொண்டு.