கைதட்டினால் எரியும் விளக்கு என்று வாங்காதீர்கள்: பெட்டியில் வருவது மாடிப்படி டைமர்

படுத்த இடத்திலிருந்தே கை தட்டினால் விளக்கு எரியும், மறுபடி தட்டினால் அணையும், எந்த பல்புக்கும் ஃபேனுக்கும் பொருந்தும், வாய்ஸ் கன்ட்ரோல் வசதி உண்டு. சவுண்ட் சுவிட்ச் என்ற பெயரில் இணையக் கடைகளில் கிடைக்கும் ஒரு வகை சுவிட்சின் விளம்பரம் இப்படித்தான் இருக்கிறது. இருட்டில் தட்டினால் எரியும் என்பதைத் தவிர இதில் எதுவுமே உண்மையில்லை.

வந்து சேரும் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு எலக்ட்ரெட் மைக், ஒரு எல்டிஆர் (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்), ஒரு சிடி4011 ஐசி, நான்கு 1என்4007 டயோடு, ஒரு எம்சிஆர்100-6 தைரிஸ்டர் (விளக்குக்கான மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்னணு சுவிட்ச்). வெளியே வருவது இரண்டே ஒயர். மின்னணு வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பட்டியலே போதும். இது மாடிப்படிக்கும் நடைவழிக்கும் போடும் டைமர். இருட்டில் காலடிச் சத்தம் கேட்டால் எரியும், முக்கால் நிமிடம் போல எரிந்துவிட்டுத் தானே அணையும். அந்த வேலைக்கு நல்ல பொருள்தான். படுக்கையறைக்கு என்று விற்பதுதான் ஏமாற்று.

முதலில், கைதட்டி அணைக்க இதில் வழியே கிடையாது. எரியும் நேரத்தை ஒரு கெபாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் தீர்மானிக்கின்றன. 10 மைக்ரோஃபாரடும் 4.7 மெகாஓமும் இருந்தால் பெருக்கினால் 47 நொடி. அதையொட்டித்தான் விளக்கு அணையும். எரிந்துகொண்டிருக்கும்போது தட்டி நேரத்தை நீட்டவும் முடியாது. விளக்கின் வெளிச்சமே எல்டிஆர் மேல் விழுந்து மைக்கின் வாயை அடைத்துவிடும். படிக்கிறவர் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை இருட்டில் உட்கார்ந்து தட்ட வேண்டியதுதான்.

அடுத்தது பகல். ஜன்னல் வெளிச்சம் இருந்தால் எவ்வளவு தட்டினாலும் எரியாது. "பழுதான பீஸ் வந்துவிட்டது" என்று பலரும் நினைப்பது இதனால்தான். முகப்பில் மைக் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு துளையோ கண்ணாடி போன்ற குமிழோ இருக்கும். அதைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டுத் தட்டிப் பாருங்கள். உடனே எரிந்தால் சந்தேகமே வேண்டாம், மாடிப்படி டைமர்தான்.

வாய்ஸ் கன்ட்ரோல் என்பதும் வெறும் பேச்சு. சிடி4011 என்பது நான்கு நேண்ட் கேட் (உண்டு, இல்லை என்று மட்டும் முடிவு செய்யும் எளிய சர்க்யூட்) மட்டும். சொற்களைப் பிரித்தறிய அதற்குள் ஒன்றும் இல்லை, சத்தத்தின் அளவு தாண்டினால் வேலை செய்யும். "விளக்கு எரியட்டும்" என்றாலும் தும்மினாலும் கதவு அடித்துச் சாத்தினாலும் அதற்கு ஒன்றுதான்.

எல்இடி பல்பு போட்டால் வேறு தொல்லை. நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இல்லாத இரண்டு ஒயர் அமைப்பு என்பதால், சுவிட்ச் தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. உள்ளே 150 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தால் 230 வோல்ட்டில் சுமார் 1.5 மில்லிஆம்பியர் எப்போதும் ஓடும். குண்டு பல்புக்கு அது உறைக்காது. எல்இடி பல்பின் உள்ளிருக்கும் கெபாசிட்டரோ அதைச் சேர்த்து வைத்துச் சில நொடிக்கு ஒருமுறை மினுக்கும், அல்லது இரவெல்லாம் மங்கலாக எரியும். குறைந்த வாட் பல்பில் எரியும்போதும் துடிக்கும், தைரிஸ்டர் பிடித்து நிற்கப் போதுமான கரன்ட் கிடைப்பதில்லை. விளக்குக்கு இணையாக 0.22 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின்ஸில் நேரடியாகப் போடுவதற்கென்றே செய்தது) கெபாசிட்டர் போட்டால் அணைந்த பிறகு வரும் மினுக்கல் பெரும்பாலும் நிற்கும். எக்ஸ்2 முத்திரை இல்லாத சாதாரணக் கெபாசிட்டரை மெயின்ஸில் போடவே கூடாது.

ஃபேனுக்குப் போடவே வேண்டாம். எம்சிஆர்100 தாங்குவது 0.8 ஆம்பியர். பெயரின் கடைசியில் 6 இருந்தால் 400 வோல்ட், 8 இருந்தால் 600 வோல்ட். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சமே 325 வோல்ட் என்னும்போது, 400 வோல்ட் தைரிஸ்டரில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். மோட்டார் அணையும்போது எழும் ஒரு துடிப்பு போதும், தைரிஸ்டர் ஷார்ட்டாகி ஃபேன் நிற்காமலே ஓடும்.

புகார் சொன்னால் வரும் பதில்களும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் "பல்பை மாற்றிப் பாருங்கள்." பிறகு "60 வாட் குண்டு பல்புக்கு மட்டும் என்று உள்தாளில் போட்டிருக்கிறதே." கடைசியில் "ஒயரில் இணைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது." உள்தாள் பெட்டிக்குள்தான் இருக்கும், விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இருக்காது. அதனால் வாங்கும் முன்பே விற்பனைப் பக்கத்தை முழுதாகப் படம் பிடித்து வையுங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து பகலில் தட்டுவது, எல்டிஆரை மூடித் தட்டுவது, தானே அணைவது வரை இடைவெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சுவிட்சின் ஒயரை வெட்டவோ முறுக்கவோ வேண்டாம், லீவர் கனெக்டரில் (சிறு பிடியைத் தூக்கி ஒயரைச் செருகும் இணைப்பான்) செருகிச் சோதியுங்கள். பல்பு ஹோல்டர், பிளக் பின், நடுவில் இந்த சுவிட்ச் என்று சுவருக்கு வெளியிலேயே முடிகிற சோதனை இது.

தட்டினால் எரிந்து தட்டினால் அணையும் சுவிட்ச் உண்மையிலேயே வேண்டுமென்றால் அது ரிலே (மின்காந்தம் இழுத்து இயக்கும் சுவிட்ச்) வகை. ஃபேஸ், நியூட்ரல், லோடு (விளக்குக்குப் போவது) என்று குறைந்தது மூன்று ஒயர் இருக்கும். உள்ளே, ஒவ்வொரு தட்டுக்கும் நிலையை மாற்றி நினைவில் வைக்கும் சிடி4013 அல்லது சிடி4017 ஐசி. அதிலும் மலிவுச் சரக்கில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

ரிலே இழுக்கும்போது வரும் 'டிக்' சத்தத்தை அதே பெட்டிக்குள் இருக்கும் மைக் கேட்கிறது. எரிந்த விளக்கு அடுத்த கணமே அணைகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒருமுறை மாறிய பின் அரை நொடியாவது காது கேளாமல் இருக்கும்படி சர்க்யூட் அமைந்திருக்க வேண்டும். ஒரே தட்டுக்கு மாறுவதை விட, 0.2 முதல் 0.8 நொடி இடைவெளியில் இரண்டு தட்டு கேட்டால் மட்டும் மாறுவது எவ்வளவோ மேல். பாத்திரம் விழுவதும் இருமலும் அந்தத் தாளத்தில் வருவது குறைவு. நாய் குரைப்பும் டிவியில் வரும் கைதட்டலும் மட்டும் இரண்டையுமே ஏமாற்றிவிடும். ஃபேன் காற்று நேராக மைக் துளையில் அடிக்காத இடமாகவும் பாருங்கள்.

மின்தடை முடிந்து மின்சாரம் வரும்போது விளக்கு எரியுமா, அணைந்திருக்குமா என்பது பல சுவிட்சுகளில் அதிர்ஷ்டம்தான். பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை பிடுங்கிச் செருகினால் தெரிந்துவிடும். சிடி4013 ஆக இருந்து, 4ஆம் கால்தான் அந்த ஐசியின் இரு பாதிகளில் பயன்பாட்டிலுள்ளதன் ரீசெட் (அணைந்த நிலைக்குக் கொண்டுவரும் கால்) என்றால், அதிலிருந்து பிளஸுக்கு 1 மைக்ரோஃபாரடும் கிரவுண்டுக்கு 1 மெகாஓமும் போட வேண்டும். 0.1 மைக்ரோஃபாரடும் 100 கிலோஓமும் போட்டுவிட்டு "ரீசெட் வைத்திருக்கிறோம்" என்பார்கள். அது 10 மில்லிநொடிதான். கெபாசிட்டர் வழியாக வரும் பவர் சப்ளை மெதுவாக ஏறுவதற்குள் ரீசெட் முடிந்துபோகும்.

அந்த கெபாசிட்டர் சப்ளைதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். 0.47 மைக்ரோஃபாரட் போட்டால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 மில்லிஆம்பியர் கிடைக்கும். 400 ஓம் கம்பிச்சுருள் கொண்ட 12 வோல்ட் ரிலேவுக்கே 30 மில்லிஆம்பியர் வேண்டும். நாளாக ஆகக் கெபாசிட்டர் தேயும், ரிலே 'டர்ர்' என்று துடிக்கும், பிறகு இழுக்கவே இழுக்காது. 15 மில்லிஆம்பியர் போதுமான 24 வோல்ட் ரிலே இருந்தால் நெடுநாள் தாங்கும்.

உயிருக்கு ஆபத்தும் இங்கேதான். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இந்த அமைப்பில் மைக்கின் உலோக உறையும், சத்தம் பிடிக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகும் (பிரீசெட்) மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. கரன்ட் ஓடும்போது உலோக ஸ்குரூடிரைவரால் அந்தத் திருகைத் தொட்டால் ஷாக் அடிக்கும். "சத்தம் பிடிக்கவில்லையா, பிரீசெட்டைத் திருகிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லாத விற்பனையாளரை என்ன சொல்வது? சோதிக்க, எதிலும் இணைக்காத நிலையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மைக் உறைக்கும் ஃபேஸ், நியூட்ரல் முனைகளுக்கும் நடுவே இரு திசையிலும் அளந்து பாருங்கள். மெகாஓம் கணக்கில்கூட ஏதாவது காட்டினால் அது மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கப்படவில்லை.

பெட்டியில் 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது ஹீட்டர் போன்ற ரெசிஸ்டிவ் லோடுக்கு. எல்இடி டிரைவர்கள் எரியும் கணத்தில் பலமடங்கு கரன்டை உறிஞ்சுவதால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். விளக்கு ஒயரில் தொடராக 10 ஓம் என்டிசி (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டால் உச்சம் 30 ஆம்பியரை ஒட்டி நின்றுவிடும்.

கையை அசைக்க முடியாதவர்களுக்காக வாங்குகிறவர்களிடம் விற்பனையாளர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கைதட்ட இரண்டு கை வேண்டாமா? அவர்களுக்கு நாக்கைச் சொடுக்கும் ஒலிக்கோ கட்டில் சட்டத்தைத் தட்டும் ஒலிக்கோ மாறுகிற அளவுக்கு மைக் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இணையம் இல்லாமல் இயங்கும் சொல்லறியும் மாட்யூல் வாங்குவதே சரி.

எதை வாங்கினாலும் சுவர் சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும். ரிலேயின் காமன் (பொது முனை), என்ஓ (ரிலே இழுத்தால் இணைவது), என்சி (இழுக்காதபோது இணைந்திருப்பது) மூன்றும் வெளியே வருகிற மாட்யூலாகப் பாருங்கள். காமனில் ஃபேஸ், என்ஓவும் என்சியும் டூ-வே சுவிட்சின் இரு முனைகளுக்கு, டூ-வே சுவிட்சின் காமன் விளக்குக்கு. மைக் செத்தாலும் சுவரில் போட்டு எரிக்கலாம், அணைக்கலாம். மாட்யூலுக்கு நிரந்தரமாக ஃபேஸும் நியூட்ரலும் தேவை. சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லையென்றால் எர்த்தை நியூட்ரலாக எடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஒயர் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு ஒயர் டைமரை ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், பல்பு மாற்றும்போது அது அணைந்திருக்கிறதே என்று ஹோல்டரில் கை வைக்க வேண்டாம். கசியும் கரன்ட் அங்கே எப்போதும் இருக்கும், ஒரு சத்தம் கேட்டால் முழு மின்சாரமும் வரும். மெயின் பெட்டியில் உள்ள எம்சிபியை (அந்த லைனின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு மாற்றுங்கள். திருப்பி எடுக்க மறுத்துவிட்டால், கழற்றி மாடிப்படி விளக்குக்கு 25 அல்லது 40 வாட் குண்டு பல்போடு போட்டுவிடலாம். அங்கே அது ஒழுங்காக வேலை செய்யும்.