விஸ்லரா, லே த்ருவா வாலேயா? தங்கும் ஊரின் உயரத்தைப் பாருங்கள்

பனிச்சறுக்குக்காக, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் போனது கனடாவின் விஸ்லர் பிளாக்கோம், போன குளிர்காலத்தில் பிரான்ஸின் லே த்ருவா வாலே. இந்த முறை எங்கே என்று வந்தபோது பிரான்ஸுக்கே மறுபடி பதிவு செய்துவிட்டேன்.

அளவை வைத்து முடிவெடுக்க முடியாது. விஸ்லர் 8,171 ஏக்கர் என்கிறது, லே த்ருவா வாலே 600 கிலோமீட்டர் என்கிறது. வட அமெரிக்காவில் எல்லைக்குள் இருக்கும் மலை முழுவதையும் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கே பனிச்சரிவு ஆபத்தை ரோந்துக் குழு கவனித்துக்கொள்வதால், மரங்களுக்கு நடுவிலும் சறுக்கலாம். ஐரோப்பாவில் எண்ணுவது குறியிட்ட பாதைகளின் நீளத்தை. பாதையை விட்டு விலகினால் உங்கள் பொறுப்பு.

வசதிகளில் இரண்டுமே குறை வைக்கவில்லை. விஸ்லரில் இரு மலைகளை இணைக்கும் பீக் டு பீக் கோண்டோலா (கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டி) 2008இல் வந்தது. 4.4 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் கடக்கிறது, தரையிலிருந்து அதிகபட்சம் 436 மீட்டர் உயரத்தில். அதில் ஒருமுறை போய் வந்தாலே மனம் நிறைந்துவிடும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம்: தூங்கி எழும் ஊர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. விஸ்லர் கிராமம் சுமார் 675 மீட்டர்தான், கடலும் பக்கம். மேலே அருமையான பனி கொட்டிக்கொண்டிருக்க, கீழே மழை பெய்தது. காலையில் நனைந்த கையுறையோடு கோண்டோலா வரிசையில் நின்றேன். சாயங்காலம் அடிவாரப் பாதை கஞ்சி மாதிரி குழைந்து கிடந்ததால், கோண்டோலாவிலேயே இறங்க வேண்டியதாயிற்று.

லே த்ருவா வாலேயில் நான் தங்கிய வால் தொரான்ஸ் ஊர் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வளவு உயரத்தில் வேறு ஸ்கீ ஊர் கிடையாது. வாசலைத் தாண்டியதும் ஸ்கீயை மாட்டினேன், திரும்பி வாசலில்தான் கழற்றினேன். சீசனும் நவம்பர் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை நீள்கிறது. அங்கிருந்து அதே லே த்ருவா வாலேயின் மெரிபெல் ஊர் வழியாகக் கூர்ஷெவெல் ஊர் வரை சறுக்கிக்கொண்டும் லிஃப்ட் ஏறியும் போகலாம். ஆனால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கட்டும்: பள்ளத்தாக்குகளை இணைக்கும் கடைசி லிஃப்டைத் தவறவிட்டால், மலையைச் சுற்றி டாக்ஸியில்தான் ஊர் திரும்ப வேண்டும்.

உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. வால் தொரான்ஸில் மரமே கிடையாது. மேகம் இறங்கிய ஒரு நாள் தரையும் வானமும் ஒரே வெள்ளை. பாதையோரக் குச்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். தலையில் ஆரஞ்சுப் பட்டை இருக்கும் குச்சி வலது ஓரம், அதுதான் காப்பாற்றியது. அப்படிப்பட்ட நாளில் விஸ்லரின் மரக்காடு எவ்வளவோ மேல்.

செங்குத்தான கறுப்புப் பாதைகளில் நான் அதிகம் போனதில்லை, அதனால் அதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி சரிவுகளுக்காகவே போகிறவர் விஸ்லரைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்கவும் மாட்டேன்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டும் பட்டியலில் இருந்தது. இத்தாலியின் செர்வினியாவோடு சேர்த்து 360 கிலோமீட்டர், உச்சி நிலையம் 3,883 மீட்டர். ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்று பலமானால் எல்லை தாண்டும் லிஃப்டை மூடிவிடுவார்கள், ஒரு வாரப் பயணத்துக்கு அது இடிக்கிறது.

நான் போவது மார்ச்சில், அதனால் வால் தொரான்ஸ். புயல் அடிக்கடி வரும் ஜனவரியில்தான் உங்களுக்கு விடுமுறை என்றால், அதே லிஃப்ட் பாஸில் மெரிபெலில் தங்குங்கள். ஊர் 1,450 மீட்டரில்தான், ஆனால் சுற்றிலும் மரம் இருக்கிறது.