தோலா, எனாமலா? அமெரிக்காவின் ஆரம்பகால நம்பர் பிளேட்டுகளில் எதை நம்பி வாங்கலாம்

நியூயார்க் மாநிலம் 1901-ல் கார்களைப் பதிவு செய்யச் சொன்னதே தவிர, பிளேட் எதுவும் தரவில்லை. உரிமையாளர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் குறைந்தது 3 அங்குல உயரத்தில் வண்டியின் பின்னால் தானே மாட்டிக்கொள்ள வேண்டும். 1903-ல் எழுத்துக்குப் பதில் எண் வந்தது. தோல் பட்டையில் உலோக வீட்டு எண்களை ரிவெட் அடித்த பிளேட்டுகள் அந்தக் காலத்தவை. அதே 1903-ல் மாசசூசெட்ஸ் தானே பிளேட் அடித்துக் கொடுத்தது: இரும்புத் தகட்டில் நீல எனாமல், வெள்ளை எண்கள்.

தோலில் சிக்கல் இதுதான்: பழைய தோலும் பழைய வீட்டு எண்ணும் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் ஒன்று செய்துவிடலாம். எண்ணின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். எண்ணுக்கு அடியில் வெயில் படாத தோலின் நிறம் வேறாக இருக்க வேண்டும். அந்த நிழலும் எண்ணின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். பித்தளை ரிவெட்டைச் சுற்றிப் பச்சை மெழுகு கசிந்திருந்தால் நல்லது. தோலின் எண்ணெயும் பித்தளையில் உள்ள செம்பும் நாளாவட்டத்தில் சேர்ந்து உண்டாக்குவது அது. ஆனாலும் இதெல்லாம் பழமைக்குத்தான் சாட்சி, அது நிஜமாகவே ஒரு காரில் மாட்டியிருந்த பிளேட் என்பதற்கு அல்ல. அதற்கு அதே பிளேட் தெரியும் பழைய புகைப்படமோ, டாஷ்போர்டில் பொருத்த அரசு தந்த, எண் பொருந்தும் உலோக வில்லையோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அலங்காரப் பொருளின் விலைதான்.

எனாமல் தன்னைத்தானே ஓரளவு காட்டிக்கொடுக்கும். அது தகட்டின் மேல் சூட்டில் உருகிப் பிடித்த கண்ணாடி. நகத்தால் வருடினால் எண்ணின் விளிம்பில் மேடு தட்டும். போல்ட்டை இறுக்கியதால் துளையைச் சுற்றிப் பெயர்ந்திருப்பது இயல்பு. நான்கு துளையிலும் ஒரே அளவு பெயர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும். கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தவே கூடாது, கண்ணாடி செதில் செதிலாகத் தெறித்துவிடும்.

மாசசூசெட்ஸ் 1903 முதல் 1907 வரை கொடுத்த பிளேட்டுகளில் ஆண்டு கிடையாது. 1908-ல்தான் அது வந்தது. அதனால் "முதல் வருஷத்துப் பிளேட்" என்று விற்பவர் சொன்னால், அந்த எண் எந்த ஆண்டுப் பதிவில், யார் பெயரில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் எனாமலையே எடுங்கள், ஓரம் பெயர்ந்திருந்தாலும் சரி.

பின்னால் வந்த, எண் புடைத்த இரும்புத் தகடுகளில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேல் பெயிண்ட் அசலா, மறுபூச்சா. மறுபூச்சு என்றால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.