கைக்குழந்தையோட மதுரைப் பயணம்: யாருக்கு எது அநாகரிகம்?

இந்த தடவ ஊருக்குப் போனது ஒம்பது மாசக் கைக்குழந்தையோட, அதனால ஜிகர்தண்டா, கறிதோசை, நைட் பரோட்டா பத்தியெல்லாம் எழுத என்கிட்ட ஒண்ணுமில்ல. பிள்ளையோட போறவங்க கேக்குறது எல்லாமே ஒரே மாதிரிதான், டயப்பர் கிடைக்குமா, பால் குடுக்க எடம் இருக்கா, கார்ல குழந்தை சீட் மாட்ட முடியுமா. அதுக்கெல்லாம் பதில் இருக்கு, சொல்றேன். ஆனா என்னைய அதிகமா படுத்தினது வேற. இங்கிலாந்துல நாகரிகம்னு பழகிட்டுப் போன பாதி விசயம் அங்க திமிரு, அவங்க பாசமா செய்யுற பாதிய இங்க உள்ளவங்க பாத்தா முகம் சுளிப்பாங்க, ரெண்டுக்கும் நடுவுல பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நான்.

மொதல்ல கார். இங்க பன்னெண்டு வயசு வரைக்கும், இல்ல 135 செமீ உயரம் வர்ற வரைக்கும் சீட் இல்லாம கூட்டிட்டுப் போகக்கூடாது, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வரும்போதே கார்ல சீட் ரெடியா இருக்கணும். அதனால எங்க சீட்டையே தூக்கிட்டு கொழும்பு வழியா மதுரை ஏர்போர்ட்ல எறங்கினோம். டாக்ஸி வந்துச்சு, பின் சீட்ல பெல்ட்டு இருக்கு, ஆனா அத மாட்டுற கொக்கி சீட் கவருக்கு அடியில போயிருச்சு, ரெக்ஸின் கவர இழுத்து தைச்சு வச்சிருக்காங்க. டிரைவர் அண்ணன் பாவம், நல்ல மனுசன், தையல ஒரு பக்கம் பிரிச்சு கைய விட்டு தொழாவி கொக்கிய வெளிய எடுத்தாரு, கூடவே ரெண்டு புளியங்கொட்டையும் ஒரு ஹேர்பின்னும் வந்துச்சு. சீட்ட மாட்டி பிள்ளைய உக்கார வச்சு பெல்ட்டு போட்டதும் அவரால தாங்க முடியல. "ஏம்மா, பச்சப்புள்ளைய இப்படிக் கட்டிப் போட்டுக் கூட்டிட்டு வாரீங்களே, மடியில வச்சுக்கங்கம்மா, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்". நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்த திருத்தினப்பவே பதினாலு வயசுக்குள்ள உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லன்னா ஆயிரம் ரூபா அபராதம்னு வந்திருச்சு. ஆனா ரிங் ரோட்ல பைக் டேங்க் மேல கைக்குழந்தைய உக்கார வச்சு குடும்பமே போகுது. வீட்ல எறங்கினதும் அம்மா கேட்ட மொத கேள்வியும் "எதுக்குடி கட்டி வச்சிருக்க" தான். இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்கல, போற எடமெல்லாம் சீட்டோடதான் போனேன், திமிருன்னு பேர் வாங்குனாலும் பரவால்ல. வண்டி புக் பண்ணும்போதே பின் சீட் பெல்ட்டு வேலை செய்யுதான்னு கேட்டு வச்சுக்கங்க.

குளிப்பாட்ட ஒரு பாட்டிய அம்மா ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாங்க. மணையப் போட்டு சேலைய முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு ரெண்டு காலையும் நீட்டி உக்காந்து பிள்ளைய கெணக்கால் மேல குப்புற போட்டுருச்சு, நான் "ஐயோ மூக்கு"ன்னு கத்துறதுக்குள்ள மூஞ்சிக்கு அடியில ஒரு கை அணை குடுத்திருக்கு. எண்ணெய், பயத்தமாவு, அப்புறம் வெந்நீர். தண்ணிய நேரா ஊத்தல, தன்னோட பொறங்கைல விட்டு சூடு பாத்து, அந்தக் கை வழியாத்தான் பிள்ளை மேல வழிய விட்டுச்சு. நான் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாத்து பொம்மை ஒண்ண கைல வச்சுக்கிட்டு நின்னேன், பாட்டி அதப் பாத்துட்டு "வெளையாட்டு சாமானா"ன்னு கேட்டுச்சு. பிள்ளை அன்னைக்கு மூணு மணி நேரம் அசையாம தூங்கினான். ஆனா குளிப்பாட்டி முடிச்சு மூக்குல ஊதப் போனப்பவும், தொண்டையில வெரல விட்டு கோழை எடுக்கப் போனப்பவும் நான் கைய புடிச்சேன். பாட்டிக்கு கோவம் வந்திருச்சு, "ஒங்காத்தாள நாந்தேன் குளிப்பாட்டுனேன்"னு சொல்லிருச்சு. அதுக்கு என்ன பதில் சொல்ல? அம்மாதான் சமாளிச்சாங்க. எவ்வளவுன்னு கேட்டா "பாத்துக் குடு"தான், கூட வெத்தல பாக்கும் ரவிக்கைத் துணியும் வச்சுக் குடுத்தோம். இங்க நர்சரியில டயப்பர் மாத்துறவங்க கிளவுஸ் போட்டுக்கிட்டு எத்தன மணிக்கு மாத்தினோம்னு எழுதி வைக்கிறாங்க, அதையும் குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்தப் பொறங்கைய அவங்ககிட்ட எதிர்பாக்க முடியாது.

அப்பத்தா தேன்ல வசம்ப ஒரசிக்கிட்டு வந்தாங்க. ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாதுன்னு இங்க ஹெல்த் விசிட்டர் (கைக்குழந்தைகளப் பாத்துக்குற நர்ஸ்) சொல்லி அனுப்பியிருந்தாங்க, அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட வித்து கைக்குழந்தை கொடல்ல முளைச்சு விசம் ஆயிரலாம்னு. அப்பத்தாகிட்ட வித்து, விசம்னெல்லாம் பேசல, டாக்டர் வேணாம்னுட்டாருன்னேன், மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வசம்ப வளையலா கோத்து கைல கட்டி விட்டுட்டாங்க. கண்ணு மையும் அதே கதைதான், கண்ணுக்கு வேணாம் ஈயம் இருக்கலாம், கன்னத்துலயும் உள்ளங்கால்லயும் வச்சுக்கங்கன்னு உடன்படிக்கை. தூளி மட்டும் பகல்ல ஆள் பக்கத்துல இருந்தா சரின்னு விட்டுட்டேன்.

பால் குடுக்குறது பத்தி. 2015ல ஜெயலலிதா முதலமைச்சரா இருந்தப்ப தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை தொறந்தாங்க, நல்ல திட்டம், நான் இங்க எந்த பஸ் ஸ்டேஷன்லயும் அப்படி ஒண்ணு பாத்ததில்ல. ஆனா ஊர்ப் பக்கம் நாங்க போன ஒரு பஸ் ஸ்டாண்டுல அது பூட்டிக் கெடந்துச்சு, சாவி யார்கிட்டன்னு கேட்டா டைம் கீப்பர கைய காட்டுறாங்க, அவரு பெருக்குற அம்மாவ கைய காட்டுறாரு, அந்தம்மா சாப்பிடப் போயிருச்சு. கடைசியில பஸ்ஸுக்குள்ளேயே உக்காந்து குடுத்தேன். பக்கத்து சீட்டு அம்மா கேக்காமலே தன் முந்தானைய விரிச்சு என்னைய மறைச்சுக்கிட்டு, எதுத்தாப்புல நின்ன பையன "ஏய், அங்கிட்டுத் திரும்பி நில்லுப்பா"ன்னு அதட்டுச்சு. சரி, நன்றின்னு நெனைக்கிறதுக்குள்ள "பால் ஊறுதா? பால்சுறா வாங்கி புட்டு வச்சுத் தின்னு, பூண்ட நெறையப் போடு" ஆரம்பிச்சு, நார்மலா ஆபரேசனா, அடுத்தது எப்ப வரைக்கும் வந்திருச்சு. இங்க 2010 சமத்துவச் சட்டம் இருக்கு, காபி கடையில பால் குடுத்தா எந்திரின்னு எவனும் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டாங்க, எல்லாரும் ஜன்னல் பக்கம் பாத்துக்குவாங்க, பிள்ளை வீல்னு கத்தினாலும் ஜன்னல்தான்.

டயப்பர் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்குது, சுமந்துட்டுப் போகாதீங்க. பவுடர் பால் டின் ஒண்ணு வாங்கப் போனேன், கடைக்காரர் நாலு பேர் நிக்கிறப்ப "ஏம்மா, தாய்ப்பால் பத்தலையா"ன்னு உரக்கக் கேட்டாரு. டிஸ்கவுண்ட் உண்டான்னு கேட்டதுக்கு "இதுக்கெல்லாம் ஆபர் போடக்கூடாதும்மா"ன்னாரு, அது சரிதான், 1992லேர்ந்தே அதுக்கு தனிச் சட்டம், வெளம்பரமும் கெடையாது. குழந்தை டாக்டர் விசயத்துல ஊருதான் டாப்பு, டோக்கன் போட்டு அன்னைக்கே பாத்துட்டோம். அவரு, ஊசி விவரமெல்லாம் எழுதி இங்க குடுக்குற சிவப்பு புக்க பொரட்டிட்டு தட்டம்மை ஊசி எங்கன்னு கேட்டாரு, அங்க ஒம்பது மாசத்துல போடுறது, இங்க ஒரு வயசுலதான். பயணம் போற பிள்ளைக்கு ஆறு மாசத்துலேர்ந்தே முன்கூட்டி போடலாம், அதனால போறதுக்கு முன்னாடி இங்க ஜிபிகிட்ட (நம்ம குடும்ப டாக்டர்) பேசிருங்க, அந்த புக்கையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.

மொட்ட அழகர்கோயில்ல. தம்பி மடியில உக்கார வச்சு, மொட்ட எடுக்குறவரு புது பிளேட பேப்பர பிரிச்சு ரெண்டா ஒடிச்சு கத்தியில என் கண்ணு முன்னாடிதான் மாட்டினாரு, நான் கேட்டதுக்கு அப்புறந்தான் மாட்டினாரு, "நாங்க என்ன பழசயா போடப் போறோம்"னு ஒரு பார்வையோட. காது குத்தி சந்தனம் தடவி எடுத்த போட்டோவ ஆபீஸ் குரூப்ல போட்டேன். காதுக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லல, அந்த மௌனத்துக்கு பிடிக்கலன்னு அர்த்தம், இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். ஆனா மொட்டத் தலையப் பாத்துட்டு ஒருத்தங்க தனியா மெசேஜ் அனுப்பி ரொம்பப் பதனமா கேட்டாங்க, குழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா, எங்களால ஏதாச்சும் உதவி முடியுமான்னு. சாமிக்குன்னு வெளக்கினதும் ரெண்டு மன்னிப்பு, ஒரு இதயம்.

விருந்துக்கு வந்தவங்களோட பேச்சு இருக்கே. கைய கழுவிட்டுத் தூக்குங்கன்னு நான் சொன்னது ஒரு பெரியம்மாவுக்கு கடைசி வரைக்கும் ஆறல, மதினிகிட்ட "நாங்க என்ன சாக்கடையிலேர்ந்தா வாரோம்"னு சொல்லிட்டுப் போனாங்களாம். அதே பெரியம்மாதான் பிள்ளைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு "வெள்ளக்கார ஊர்ல பொறந்தும் நெறம் வரலையே"ன்னவங்க. இன்னொருத்தங்க மெலிஞ்சு கெடக்கான்னு சொல்லிட்டு செர்லாக் பேர் சொன்னாங்க. மெலிவு, எடை, பால், அடுத்த பிள்ளை, இதெல்லாம் அக்கறைன்னு எடுத்துக்கிட்டேன், நம்ம ஊர்ல பிள்ளை அழகா இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான் தப்பு, இங்க பக்கத்து வீட்டுக்காரம்மா வீடியோ கால்ல "எவ்வளவு கொழுகொழு"ன்னு கொஞ்சினதுக்கு அம்மா அன்னைக்கு சாயங்காலமே உப்பு மிளகா சுத்திப் போட்டாங்க. ஆனா நெறத்த அக்கறைக் கணக்குல சேக்க முடியாது. அப்பத்தா அந்தப் பெரியம்மாவுக்கு அப்பவே குடுத்தாங்க, "நீ மட்டும் என்ன பால்ல கழுவி எடுத்தவளா"ன்னு. எனக்கு வாய் வரல, அப்பத்தாவுக்கு வந்திருச்சு.