பரு முகத்துக்கு எத்தனை தடவை சவர்க்காரம்? திருமலை வெயிலில் நான்கு வழக்கங்கள்

பரு வரும் முகத்தை அடிக்கடி கழுவ வேண்டுமா, கழுவுவதைக் குறைக்க வேண்டுமா என்பதில் எங்கள் திருகோணமலை வீடுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. அம்மம்மாமார் ஒரு பக்கம்: "வெளியே போய் வந்தால் நல்லாச் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவு, ஊத்தை போனால் பருவும் போகும்." பிள்ளைகள் மறுபக்கம். வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "கழுவக் கழுவத்தான் பரு கூடும், நான் இனித் தண்ணீர் மட்டும்தான்" என்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் தடவைகளை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது சவர்க்காரம் படுகிற தடவைகளை. தண்ணீர் எத்தனை தரம் பட்டாலும் பெரிய விஷயமில்லை.

பரு எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மயிர்க்கண்களோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹோர்மோன்கள் கூடும்போது அவை அதிகமாகச் சுரக்கின்றன. துவாரத்தின் உட்பக்கத்துத் தோல் செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் அக்னெஸ் என்ற கிருமி பெருகுகிறது. உடல் அதற்கு எதிராகக் கிளம்பும்போது சிவந்து, வீங்கி, சில இடத்தில் சீழ் வைக்கிறது. இதில் எந்தக் கட்டத்திலும் ஊத்தைக்கு வேலையே இல்லை. மூக்கு நுனியில் தெரியும் கரும்புள்ளியின் கறுப்புக்கூட ஊத்தை கிடையாது. திறந்த துவாரத்தில் அடைத்து நிற்பது காற்றுப் பட்டுக் கறுத்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாததன் காரணம் அதுதான்.

சரி, வழக்கங்களுக்கு வருவோம்.

முதலாவது, நாளுக்கு நாலைந்து தடவை சவர்க்காரம். நான் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம்தான். ஏன் என்பதும் விளங்குகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உவர்மலையிலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்கு ஒருக்கால் போய் வந்தாலே முகம் பிசுபிசுக்கும். என் பெறாமகள் உயர்தரம் படிக்கிறாள். காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருமுறை, ரியூசனுக்குப் போக முன்னும் வந்த பின்னும் ஒவ்வொரு முறை, படுக்கப் போகும்போது இன்னொரு முறை. கிணற்றடியில் அவள் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டியை நேரே கன்னத்தில் வைத்து உரசுவாள். பிறகு துவாயால் மேலும் கீழுமாக அழுத்தித் துடைப்பாள். முடிந்ததும் கன்னத்தைத் தொட்டால் விரல் வழுக்காது, கிறீச்சென்று பிடிக்கும். "இப்பதான் சித்தி, முகம் சுத்தமா இருக்கு" என்பாள்.

அந்தக் கிறீச்சுக்குத்தான் நான் பயப்படுகிறேன். நல்ல தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மையானது, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவில் ஏறக்குறைய 5. நாங்கள் குளிக்கும் சாதாரணச் சவர்க்காரம் 9, 10 என்று நிற்கும் காரப்பொருள். அது பரு எண்ணெயை மட்டும் தேடிப் பிடித்துக் கழுவுவதில்லை. தோலின் செல்களை இடையில் நின்று பிணைத்து வைத்திருக்கும் கொழுப்பையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறது. ஒருமுறை கழுவினால் தோல் சில மணித்தியாலங்களில் தன் நிலைக்குத் திரும்பும். அதற்குள் அடுத்த தடவை, அதற்குள் இன்னொரு தடவை என்றால் திரும்ப எங்கே நேரம்? முகம் இழுக்கும், எரியும், மூக்கோரத்திலும் வாயோரத்திலும் வெள்ளையாகச் செதில் எழும்பும். ஏற்கெனவே சிவந்திருக்கும் பரு இன்னும் சிவக்கும். கச்சான் காற்று வேறு சுடச்சுட அடித்து, ஈரம் மிச்சமில்லாமல் உறிஞ்சிவிடுகிறது. எண்ணெய் வழியும் முகத்திலும் தோல் காய்ந்து உரியலாம். இரண்டும் ஒரே கன்னத்தில் ஒரே நேரத்தில் இருக்கும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். நகரில் பலருக்குக் கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். கரையோரம் பலர் இன்னும் கிணற்றை நம்பியிருக்கிறார்கள், சில இடங்களில் அந்தத் தண்ணீர் கடினமானது. அதில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். ஆனால் தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் ஒரு வெள்ளைப் படிவாக மாறி முகத்திலேயே தங்கிவிடும். வாளியின் உட்பக்கத்தில் வழுவழுப்பாக ஒட்டியிருக்குமே, அதே படிவுதான். சவர்க்காரம் சேராத முகம் கழுவும் கட்டிகளும் மென்மையான பேஸ் வொஷ்களும் இந்தப் படிவைத் தருவதில்லை. உங்கள் கிணறு அப்படியானது என்றால், எத்தனை தடவை என்பதை யோசிக்க முன் எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள்.

குறைக்கச் சொல்பவர்கள் வைக்கும் ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதிகம் கழுவினால் சுரப்பி பயந்துபோய் இன்னும் எண்ணெய் சுரக்கும் என்கிறார்கள். சுரப்பியை நடத்துவது உள்ளிருக்கும் ஹோர்மோன். மேலே சவர்க்காரம் பட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கழுவிக் கொஞ்ச நேரத்தில் மீண்டும் நெற்றி மினுங்குவது, அது எப்போதும்போல் சுரந்துகொண்டே இருப்பதால். ஆகவே கழுவுவதைக் குறைத்தால் எண்ணெய் குறையும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குறைப்பதால் கிடைக்கும் லாபம் வேறு: எரிச்சல் அடங்கும், சிவப்பு தணியும், பருவுக்குப் பூசும் மருந்தைத் தோல் தாங்கும்.

அடுத்த கரையில் நிற்கிறது தண்ணீர் மட்டும் என்ற வழக்கம். இதை இங்கே நான் யாருக்கும் சொல்லமாட்டேன். குளிர் நாட்டில், வறண்ட தோலோடு, அறைக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்கு அது ஒத்துவரலாம். இங்கே தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய பிள்ளைக்கு அந்த எண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு இறங்குகிறது. சன்ஸ்கிரீன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டோடு நிலாவெளி வீதியில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெயும் சன்ஸ்கிரீனும் வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. மாதக்கணக்கில் ஒழுங்காகக் கழுவாத தோலில் உதிர்ந்த செல்களும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பாகப் படிந்துவிடுவதும் உண்டு. இந்த வழக்கத்தில் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: பகலில் வியர்த்தால் தண்ணீர் போதும்.

மிஞ்சுவது இரண்டு. மென்மையான பேஸ் வொஷ்ஷால் காலையும் இரவும் கழுவுவது ஒன்று. இரவு மட்டும் பேஸ் வொஷ், காலையில் தண்ணீர் என்பது மற்றது. உண்மையான போட்டி இங்கேதான்.

நாளுக்கு இரண்டு தடவை என்பதற்குப் பின்னால் பலம் இருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021இல் வெளியிட்ட பரு வழிகாட்டி, காரத்தன்மையற்ற, தோலின் பி.எச். அளவுக்குப் பொருந்திய பொருளால் நாளுக்கு இரண்டு தடவை கழுவச் சொல்கிறது. அமெரிக்கத் தோல் வைத்தியர்களின் அக்கடமியும் இரண்டு தடவை, அதோடு வியர்த்த பிறகும் என்கிறது. விரல் நுனியால், தேய்க்காமல். தடவைகளை நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006இல் வந்தது. பரு உள்ள ஆண்களை நாளுக்கு ஒன்று, இரண்டு, நான்கு தடவை கழுவும் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு வாரம் பார்த்தார்கள். குழுக்களுக்கிடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை கழுவியவர்களுக்குக் கரும்புள்ளி போன்ற அடைப்புகள் குறைந்தன. ஒரு தடவைக்காரருக்குச் சிவப்பும் பருவும் கூடும் போக்குத் தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வு, அதன் மேல் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் கழுவாமல் விட்டால் பரு மாறும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதரவு ஏதும் இல்லை.

அப்படியென்றால் ஒரு தடவை என்பது தோற்றுவிட்டதா? இல்லை. அது யாருக்கு என்பதுதான் கேள்வி. அடபலீன் அல்லது பென்சோயில் பெரொக்சைட் என்ற பரு மருந்தைப் பூசத் தொடங்கியவர்களுக்கு முதல் சில வாரம் முகம் காய்ந்து உரியும். பலர் அந்தக் கட்டத்தில் "மருந்து ஒத்துவரவில்லை" என்று கைவிடுகிறார்கள். அந்த வாரங்களில் காலைப் பேஸ் வொஷ்ஷை நிறுத்திவிட்டுத் தண்ணீரோடு விட்டால், அப்புறம் வாசனையில்லாத, துவாரத்தை அடைக்காத ஒரு மொய்ஸ்சரைசர் பூசினால், மருந்தைத் தொடர முடியும். குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க இருக்கும் அலுவலகக்காரருக்கும், முப்பது தாண்டி எண்ணெய் குறைந்தும் தாடையோரம் பரு விடாதவர்களுக்கும் இதுவே பொருந்தும். எண்ணெய் வழிய வழியத் திரியும் பதினாறு வயதுப் பையனுக்கு, பின்னேரம் பந்தடித்துவிட்டு வருகிறவனுக்கு, இரண்டு தடவைதான். ஐந்தாக இருந்ததை இரண்டாக்கினாலே அவனுக்கு அது பெரிய குறைப்பு.

பெறாமகளுக்கும் நான் சொன்னது இரண்டு. இடையில் வியர்த்தால் வெறும் கையால் தண்ணீர் அள்ளி விடச் சொன்னேன். "தண்ணி மட்டும் என்றால் காணாதே" என்று சிணுங்கினாள். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்கிறவர்களை எண்ணிப் பார் என்றேன். ஒவ்வொரு தடவையும் முகத்தை மூன்று முறை கழுவுகிறார்கள், சவர்க்காரம் இல்லாமல். வியர்வை, உப்பு, தூசி போவதற்கு அது போதும். அவள் படிக்கும் வகுப்பில் அப்படியான தோழிகள் இருக்கிறார்கள், அதனால் உடனே பிடித்துக்கொண்டாள். உப்புவெளியில் கடல் குளித்தாலும் இதே கணக்குத்தான்: உப்பைக் காயவிடாமல் நல்ல தண்ணீரால் அலசினால் போதும், கரையேறியதும் சவர்க்காரத்தைத் தேட வேண்டாம்.

பயற்றம்மா, கடலைமா போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், தேய்க்கக் கூடாது. மாவில் சவர்க்காரத்தின் காரம் இல்லை, அது நல்லதே. ஆனால் கரகரப்பாக அரைத்த மாவை உலர்ந்த முகத்தில் வட்டமாகத் தேய்க்கும்போது சீழ்ப் பரு உடைந்து தழும்பாகிறது. நன்றாக அரித்து, அன்றன்று தண்ணீரில் கூழாகக் கரைத்து, பூசியவுடன் கழுவிவிட வேண்டும். காயவிட்டு உரிப்பது வேண்டாம். எலுமிச்சம்புளி மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சாறு பட்ட தோலில் எங்கள் வெயில் பட்டால் கொப்பளித்து, கறுப்பாக மாதக்கணக்கில் நிற்கும்.

எந்த வழக்கத்துக்கு மாறினாலும் ஒரு வாரத்தில் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்று வெளியே தெரியும் பரு உள்ளே வாரங்களுக்கு முன்பே அடைபடத் தொடங்கியது. எரிச்சலும் இழுப்பும் சில நாளிலேயே அடங்கும். பருவின் எண்ணிக்கை மாற ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவும் கூடாது. தடவையையும் பேஸ் வொஷ்ஷையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. முகம் துடைக்கத் தனித் துவாய், அதுவும் ஒற்றி எடுக்க மட்டும். பென்சோயில் பெரொக்சைட் பூசுகிறவர்கள் வெள்ளைத் துவாயும் வெள்ளைத் தலையணை உறையும் வைத்துக்கொள்ளுங்கள், நிறத்துணியை அது வெளிறச் செய்துவிடும்.

கழுவும் தடவையோடு சம்பந்தமே இல்லாத சிலதும் பரு என்ற பெயரில் வருகின்றன. நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாகத் தோன்றி அரிக்கிறதென்றால் அது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். வியர்வை நாடுகளில் அது சகஜம். பருவுக்கான அன்டிபயோட்டிக் போட்டால் கூடும், கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்குத்தான் கேட்கும். இன்னொன்று, பெயர் ஒட்டாத டப்பாவில் கலந்து விற்கும் வெள்ளையாக்கும் கிரீம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் முகம் பளபளக்கும், பிறகு முகம் முழுக்கப் பரு கிளம்பும், நிறுத்தினால் இன்னும் எரியும். அதைப் பூசிக்கொண்டு நாளுக்கு எத்தனை தடவை கழுவலாம் என்று கேட்பதில் பயனில்லை. திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டி நிறுத்த வேண்டும்.

கட்டிகட்டியாக ஆழத்தில் வலிக்கும் பரு, குழி விழும் பரு உள்ளவர்கள் மேலே சொன்ன எட்டு வாரத்தைக்கூடக் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் கிளினிக்குக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். அங்கே பணம் கேட்கமாட்டார்கள். ஐசொட்ரெட்டினோயின் போன்ற குளிசைகள் அப்படியானவர்களுக்கு உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனால் கர்ப்பத்திலுள்ள பிள்ளைக்கு அது கடும் பாதிப்பை உண்டாக்கும் என்பதால், வைத்தியர் கண்காணிப்பில்லாமல் பாமசியில் சொல்லி வாங்கிப் போடும் குளிசை அல்ல. போகும்போது நீங்கள் பாவிக்கும் சவர்க்காரம், பேஸ் வொஷ், கிரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எதை நிறுத்தலாம் என்று வைத்தியர் பார்த்தே சொல்லிவிடுவார்.